மைனஸ் பதினெட்டில் அரை மணி நேரம்

"வீட்டுல மீன் வாசனை வருதே, உங்களுக்கு வரல?" என்று மனைவி அம்சவள்ளி கேட்டதும் வீரன் தேத்தண்ணிக் கோப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

புரட்டாசி மாதம். அதுவும் சனிக்கிழமை. பெருமாளுக்கு விரதம் இருக்கிற வீடு. கருவாட்டு டின்னைக்கூடக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிற வீட்டில் மீன் வாசனை எங்கிருந்து வரும்?

"கோலசிலாங்கூருலா இது. ஆத்துக் காத்துல வரும்," என்றார் வீரன்.

அம்சவள்ளி சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு மூலை மூலையாகக் காட்டினாள். கடைசியில் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். மூக்கு ஒரு தடவை அசைந்தது.

"காத்து உங்க சட்டைக்குள்ள பூந்துக்கிச்சு போல."

வீரன் மீன் தின்னவில்லை. அந்தப் பாவத்தை அவர் தலையில் போடாதீர்கள். நடந்தது வேறு.

வீரன் முப்பது வருஷமாகக் கோலசிலாங்கூர் ஆற்றில் சம்பான் படகு ஓட்டுகிறவர். பொழுது சாய்ந்ததும் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் துடுப்புப் போட்டு, ஆற்றோர மரங்களில் மினுக்கும் மின்மினிப் பூச்சிகளைக் காட்டிவிட்டு வருவார். ஒரே மகள் குமுதா நார்வேயில் தாதியாக இருக்கிறாள்.

ஒருநாள் டிவியில் வடதுருவக் கடலைக் காட்டினார்கள். கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு திமிங்கிலம் முதுகைக் காட்டிவிட்டு மூழ்கியது. மேலே வானம் முழுக்கப் பச்சை வெளிச்சம், கொடியில் காயப்போட்ட சேலை மாதிரி ஆடியது.

"அடேயப்பா! இதையெல்லாம் நேருல பார்க்கக் கொடுத்து வெச்சிருக்கணும்," என்றாள் அம்சவள்ளி.

வீரன் மறுநாளே குமுதாவுக்குப் போன் போட்டார். குமுதா அப்பா கேட்டால் இல்லை என்று சொல்கிற பிள்ளை இல்லை. நவம்பரில் ஏழு நாள் கப்பல் பயணம், இரண்டு டிக்கெட்டு, இரண்டு தடிமனான ஜாக்கெட்டு எல்லாம் வந்து இறங்கின.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். வீரனுக்குக் குளிர் ஆகாது.

பேங்க் ஏர்கோன் குளிரில் பத்து நிமிஷம் நின்றால் மூன்று நாள் தும்முவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் காற்றாடி ஒன்றாம் நம்பரைத் தாண்டியதில்லை. 'எனக்காகத்தானே பாவம், வள்ளி புழுக்கத்தைப் பொறுத்துக்கிறா' என்று அவருக்கு முப்பத்தைந்து வருஷக் குற்ற உணர்ச்சி வேறு.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் டிக்கெட் வந்த அன்று அம்சவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பினாங்கைத் தாண்டாத மனுஷி. அவள் ஆசையில் எப்படி மண்ணைப் போடுவது?

அதனால் வீரன் குளிரைப் பழகிக்கொள்ள முடிவு பண்ணினார். பாசிர் பெனம்பாங்கில் மீன் மொத்த வியாபாரம் பண்ணும் நஜீபாவிடம் போனார். அங்கே மைனஸ் பதினெட்டில் ஓர் ஐஸ் ரூம் இருக்கிறது.

"தினம் மூணு மணிக்கு வந்து உள்ள கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கிறேன் தங்கச்சி. வள்ளிக்கு மட்டும் தெரியக்கூடாது."

நஜீபா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"உட்காருங்கண்ணே. நான் யாருக்கிட்டயும் எதுவும் சொல்றதில்ல," என்றாள்.

முதல் நாள் மூன்று நிமிஷம். கண்ணிமை ஒட்டிக்கொண்டது. நாலாம் நாள் ஏழு நிமிஷம். கெம்போங் மீன் பெட்டிமேல் உட்கார்ந்து, பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டே பல்லைக் கடித்தார். பல்தான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

இப்படி வந்ததுதான் அந்த வாசனை.

மறுநாள் அவர் புத்திசாலித்தனமாக நஜீபா கடைக் குழாயிலேயே எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார்.

அம்சவள்ளி வாசலிலேயே நிறுத்தினாள். "மூணரை மணிக்கு எங்க குளிச்சிங்க?"

"வேர்த்துச்சு."

"எலுமிச்சம்பழம் போட்டா?"

"உடம்புக்கு நல்லதுன்னாங்க."

"மீனைத் தின்னுட்டுக் கையில எலுமிச்சம்பழம் தேய்க்கிறவங்களைப் பார்த்திருக்கேன். உடம்பு பூரா தேய்க்கிற அளவுக்கு எவ்வளவு மீனு தின்னிங்க?"

அவளைக் கேட்க அவருக்கும் ஒன்றிரண்டு கேள்வி இருந்தது. காலையில் பெருமாள் கோயில் பஜனைக்கு என்று போகிறவள் ஒரு கரண்டி புளியோதரைகூடக் கொண்டுவருவதில்லை. கோயிலுக்குப் போய்வந்து யாராவது குளிப்பார்களா? இவள் வந்ததும் நேரே குளியலறைக்குத்தான் போகிறாள். வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டார். தப்பு தன் பக்கம் இருக்கும்போது கேள்வி கேட்கக் கூடாது என்கிற அறிவு அவருக்கு உண்டு.

அடுத்த நாள் எலுமிச்சை வேண்டாம் என்று, நஜீபா வீட்டுக்காரரின் அத்தரை வாங்கித் தாராளமாகத் தடவிக்கொண்டார். அங்கேதான் குழியில் விழுந்தார்.

"யாருங்க அவ?" என்றாள் அம்சவள்ளி.

"எவ?"

"அறுபத்திரண்டு வயசுல அத்தர் பூசிக்கிட்டு யாரைப் பார்க்கப் போறிங்க?"

"ஐயோ, வள்ளி! மீன் வாசனைக்காகத்தான்..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்போ, மீனு உண்மை!"

அன்று முதல் பேச்சு நின்றது. சோறு வந்தது, ரசம் வந்தது, வார்த்தை வரவில்லை.

மூன்றாம் நாள் குமுதா கூப்பிட்டாள். "ப்பா, என்னப்பா இது? அம்மா அழுவுறாங்க. ஒரே கேபின்ல ஏழு நாளு எப்படி இருப்பீங்க? பேசாம கேன்சல் பண்ணிடவா? நாளைக்குள்ள சொன்னாத்தான் உண்டு."

கேன்சல்! அவர் மனசு வேண்டிக்கொண்டிருந்த வார்த்தை. 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஜாக்கெட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுச் சம்பானுக்குப் போய்விடலாம்.

அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். அம்சவள்ளி அந்தப் பச்சை வானத்துப் படத்தைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தாள். ஒரு முனை பிய்ந்து தொங்கியது. அவள் சோற்றுப் பருக்கையை வைத்து அதை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கேன்சல் பண்ணாதே பாப்பா. உங்கம்மாவை நான் கூட்டிக்கிட்டு வரேன்," என்றார்.

போனை வைத்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்தார். நேரே பாசிர் பெனம்பாங். அன்றைக்கு வீம்பில் அரை மணி நேரம் உட்கார்ந்தார். மீசையில் பனி பூக்க, காது சிவக்க, கால் தள்ளாட வெளியே வந்தவர் நஜீபாவின் தராசுமேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"தங்கச்சி, அரை மணி! இனி எந்தத் துருவமா இருந்தாலும் நான் தயார். நீ இப்போ என்கூட வீட்டுக்கு வரணும்."

"நான் எதுக்குண்ணே?"

"சாட்சிக்கு! நான் மீன் தின்னல, எவளையும் பார்க்கல, அவ ஆசைக்காகத்தான் இந்த ஐஸ்ல செத்துக்கிட்டு இருந்தேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா அவ நம்புவா. இல்லேன்னா பயணம் போச்சு."

நஜீபா கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் எப்படிண்ணே வந்து சொல்லுவேன்? காலையில பஜனைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்து, இதே பெட்டிமேல உட்கார்ந்து நடுங்கிட்டுப் போற அண்ணி, 'அவரு ஆசைப்பட்டுக் கேட்ட பயணம், எனக்குக் குளிரு ஆகாதுன்னு தெரிஞ்சா வேணாம்னுடுவாரு, சொல்லிடாதே'ன்னு உங்களுக்கு முன்னாடியே என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்களே!"