இடிவெட்டு அண்ணனின் கீபோர்டு

கொச்சியிலிருந்து கப்பல் ஏறிய மிளகு எதுவும் இடிவெட்டு அண்ணனிடம் அடி வாங்காமல் வெளிநாடு போனதில்லை.

மிளகுக்கு உரிய காகிதங்களை அவர்தான் கம்ப்யூட்டரில் அடிப்பார். அடிப்பார் என்றால் நிஜமாகவே அடிப்பார். கொச்சங்காடியில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் எங்கள் ஏற்றுமதி ஆபீஸ். காலையில் அவர் முதல் வரியைத் தொடங்கினால், கீழே மூட்டை தூக்குகிறவர்கள் மழை வந்துவிட்டதென்று தார்ப்பாயைத் தேடுவார்கள். இடி விழுவதை மலையாளத்தில் இடிவெட்டு என்பார்கள். மூட்டைக்காரர்களில் ஒருவர் வைத்த பேர், வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நிலைத்துவிட்டது.

ஆபீஸில் அவரும் நானும் மட்டும்தான் தமிழ். அவருடைய அப்பா நகராட்சி வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். என்னுடைய தாத்தாவும் அப்படித்தான். நாங்கள் பேசுவதை மலையாளிகள் தமிழ் என்பார்கள், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் மலையாளம் என்பார்கள்.

அவருடைய கீபோர்டு பாக்கு நிறத்தில் இருக்கும். பிறந்தபோது வெள்ளை என்று சொல்வார். ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங். எடையைப் பார்த்தால் அம்மிக்கல்லோடு சேர்த்து செய்தார்களோ என்று தோன்றும். ஆபீஸில் கம்ப்யூட்டர் நாலு தடவை மாறியது, முதலாளி ஒரு தடவை மாறினார், அது மாறவில்லை. புதுக் கம்ப்யூட்டரில் அதன் பழைய உருண்டை முனை நுழையாதபோது, எர்ணாகுளத்தில் ஏழு கடை ஏறி இறங்கி ஒரு இணைப்பான் வாங்கிவந்தார். அதற்கும் அடுத்த கம்ப்யூட்டர் வந்தபோது அந்த இணைப்பானுக்கு ஒரு இணைப்பான்.

சனிக்கிழமை மத்தியானம் குளிப்பாட்டு. முதலில் கீபோர்டைக் கவிழ்த்து, பால் குடித்த குழந்தைக்குச் செய்வதுபோல் முதுகில் தட்டுவார். சுக்குத்தூள், சீரகம், பிஸ்கட் துணுக்கு, கரப்பான் கால் எல்லாம் உதிரும். ஆபீஸ் முழுக்கத் தும்மும். பிறகு கீகளைப் பிடுங்கி, சோப்புத் தண்ணீரில் அலசி, ஜன்னல் கட்டையில் வெயிலுக்கு வைப்பார். ஒருநாள் காக்கை வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"எது போச்சு அண்ணே?" என்று கேட்டேன்.

எண்ணிப் பார்த்துவிட்டு முகம் வாடச் சொன்னார்: "எஸ்கேப்பு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் படியிறங்கிப் போய்ச் சிரித்துவிட்டு வரவேண்டியிருந்தது.

ஊரில் எந்த இன்டர்நெட் கடை மூடினாலும் துக்கம் விசாரிக்கிற மாதிரி வெள்ளை வேட்டியில் போய் நிற்பார். திரும்பும்போது அக்குளில் செத்துப்போன ஒரு கீபோர்டு இருக்கும். உதிரி பாகத்துக்கு. வைட்டிலாவிலிருந்து வந்த பஸ்ஸில் அப்படியொன்றை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தபோது கண்டக்டர், "எந்தா சேட்டா, ஹார்மோனியமாணோ?" என்று கேட்டாராம்.

"ஆமா, பஜனைக்குப் போறேன்னு சொன்னேன். பின்னே, அவன்கிட்டே ஸ்பிரிங் பத்தியெல்லாம் சொல்லிட்டு இருக்க முடியுமா?"

இரண்டு வருடம் முன்பு பெரிய முதலாளி ஓய்வெடுத்து, மகன் வந்து உட்கார்ந்தார். எங்களுக்கு அவர் சின்ன சார். எல்லாம் வீடியோவில் பேசுகிறவர். அந்தப் பக்கம் ஜெர்மனியிலிருந்து மிளகு வாங்குகிறவர் ஒவ்வொரு முறையும், "அங்கே மழையா?" என்று கேட்பார். ஏப்ரல் மாதத்திலும் கேட்டார். சின்ன சார் பல்லைக் கடித்துக்கொண்டு "ஆமாம்" என்பார்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் லீவு போட்டார். திங்கட்கிழமை அவர் வந்தபோது எல்லா மேசையிலும் லேப்டாப். பழைய சாமான் மொத்தமும் ஆக்ரிக்கடை என்கிற காயலான்கடைக்குப் போயிருந்தது.

சத்தம் போடுவார், சண்டை நடக்கும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் மேசையை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார். உட்கார்ந்தார். மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார்.

அன்று ஜெர்மனிக்குப் போன மெயிலில் 'டியர் சார்' என்பதில் மொத்தம் பதினொரு 'ஆர்' இருந்தன. அவர்கள் பதிலில், "நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார்கள். ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. அதில் அதிகச் சத்தம் என்னுடையது. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னையே பிடிப்பதில்லை.

அடுத்த வாரம் ஒரு கண்டெய்னருக்கான காகிதத்தில் துறைமுகத்தின் பெயர், எழுத்துகள் இரட்டித்து, வேறு ஏதோ ஊராகிவிட்டது. சரக்கு நின்றுபோயிற்று. சின்ன சார் எல்லார் முன்னாலும் அவரை நிற்கவைத்துக் கேட்டார்.

"சேட்டா, குடிச்சிட்டுண்டோ?"

வெற்றிலைகூடப் போடாத மனிதர் அவர். அவர் தலையைக் குனிந்து சொன்னார்:

"ஓ சார். கொஞ்சம்."

மத்தியானம் அவரைச் சாயாக்கடையில் போய்ப் பிடித்தேன். அவர் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீழே வைத்தார். வைக்கும்போது கிளாஸ் மேசையில் கடகடவென்று ஆடியது.

"எப்ப இருந்து அண்ணே?"

"ஆச்சு, மூணு வருஷம். நரம்பு சீக்குன்னு டாக்டர் சொன்னாரு. மாத்திரை இருக்கு, ஆனா முழுசா மாறாதாம்." வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "அந்தப் பழைய கீபோர்டு ஓங்கி அடிச்சாத்தான் எழுதும், கேட்டியா. கை அதும்மேல சும்மா கிடந்து ஆடினா அது கண்டுக்காது. இந்த லேப்டாப்பு மூச்சு விட்டாலே எழுதுது."

"இதைச் சொல்றதை விட்டுட்டு குடிச்சேன்னு ஏன் சொன்னீங்க?"

"குடிகாரனுக்கு வார்னிங் குடுப்பாங்க மல்லிகா. சீக்காளின்னா, ரெஸ்ட் எடுங்கன்னு அன்பாச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு."

நான் நேராக ஆக்ரிக்கடைக்குப் போனேன். பழைய விசிறி, பேட்டரி, பாத்திரம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது பாக்கு நிறம். ஆனால் வால் இல்லை. கடைக்காரர், "வயர் முறிச்சு எடுத்தல்லோ சேச்சி, செம்பு உள்ளதல்லே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு இடக்கொச்சியில் அவர் வீட்டுக்குப் போனேன். உதிரிக் கீபோர்டு ஒன்றிலிருந்து வயரை அறுத்து எடுத்தார். உள்ளே நாலு கம்பி. ஒவ்வொன்றையும் பற்றவைக்க வேண்டும். ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைக் கையில் எடுத்தார். அதன் முனை காற்றில் கோலம் போட்டது. இடது கையால் வலது கையைப் பிடித்துப் பார்த்தார், இரண்டும் சேர்ந்து ஆடின. என்னிடம் நீட்டினார். வாழ்க்கையில் ஊதுவத்தியைத் தவிர வேறெதையும் பற்றவைக்காதவள் நான்.

"பயப்படாதே. ஈயம் உருகினதும் எடுத்துடு. அய்யோ, அது என் சாப்பாட்டு மேசை!"

மேசையில் மூன்று ஓட்டை, என் விரலில் ஒரு கொப்புளம். நாலு கம்பியும் பிடித்துக்கொண்டன. அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு வரி அடித்தார். ஒரு எழுத்துகூட இரட்டிக்கவில்லை. அடுக்களையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

சின்ன சாரிடம் நோயைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. "அவர் பழகினது அது சார், தப்பு வராது" என்று மட்டும் சொன்னேன். அவர் யோசித்து, சத்தம் வீடியோவில் கேட்காத இடத்தில் உட்கார்ந்தால் சரி என்றார். அண்ணனைக் கீழே கிடங்கில், மிளகு மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். ஃபேன் கிடையாது. அவர் அதற்கே சந்தோஷப்பட்டார்.

ஏழு மாதம் போனது. ஒருநாள் மெல்லப் படியேறி என் மேசைக்கு வந்து ஒரு காகிதத்தை வைத்தார்.

"நேத்து அடிச்சது. ஒருக்கா நோக்கு."

பார்த்தேன். மூன்று இடத்தில் எழுத்து இரட்டித்திருந்தது. வேறு யாரும் கவனித்திருக்கவில்லை.

"வயர் லூசா இருக்கும் அண்ணே. நான் பத்தவைச்சதுதானே."

"வயரெல்லாம் செரியா இருக்கு." சிரிக்கப் பார்த்தார். "ஒரு லெட்டர் அடிச்சுக் குடு. நான் அடிச்சா ராஜினாமாவே ரெண்டு தடவை ஆயிடும்."

அடித்துக் கொடுத்தேன். நாலு வரிக் கடிதத்துக்கு எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. எழுத்து ஒழுங்காகக் கண்ணில் தெரியவில்லை.

இப்போது அவருக்கு இரண்டு கையும் ஆடுகிறது. பேச்சும் குழற ஆரம்பித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில், "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன் அண்ணே" என்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைகிறேன். அவரும் "அப்படியா, இரி" என்கிறார். இடக்கொச்சியில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது.