றமணன் முள்வேலி தேர்ந்த படலம்

வாழ்க, லண்டன் மனோர் பார்க்கின் வரிவீடுகளுக்கிடையே பதினாறடி அகலத் தோட்டமொன்றைத் தனியாட்சி புரியும் றமணன்! கையில் மண்வெட்டியும் நெஞ்சில் மானமும் முழங்காலில் நோவும் தாங்கிய அப்பெருவீரனின் கதையைக் கேளுங்கள். அருகே ஓடும் எலிசபெத் ரயில்களே, சற்று ஓசையடங்கிச் செல்லுங்கள்!

அவன் தோட்டத்தின் மேற்கெல்லையில் நெஞ்சளவு உயரத்தில் நின்றது ஒரு பழைய கம்பிவேலி. ஈட்டிமுனைகள் இருந்தன, மறைப்பு மருந்துக்கும் இல்லை. வீட்டுக்குள் மணக்கக்கூடாதென்று அவன் தேவி ஜெனோஜா பின்முற்றத்து அடுப்பில் மீன் பொரிக்கும்போதெல்லாம், வேலிக்கப்பாலுள்ள நடைபாதையில் நாய்கள் நின்றன. நாய்கள் நின்றதால் அவற்றின் எசமானர்களும் நின்றார்கள். வீட்டு உடுப்போடு அகப்பை ஏந்தி நின்ற தேவியைப் பொருட்காட்சிபோல் கண்டுகளித்தார்கள். போதாக்குறைக்கு, சென்ற மாதம் ஓர் ஒல்லித் திருடன் அந்த ஈட்டிமுனைகளை மான்போல் தாண்டிவந்து அடுப்பையே தூக்கிக்கொண்டு போனான்.

அன்றே பிறந்தது அரசாணை: “ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை ஒரு செடிவேலி வையுங்கோ. ஏலாதெண்டால் சொல்லுங்கோ, அண்ணையைக் கூப்பிடுறன்.”

அண்ணை! கிழக்கு லண்டன் எங்கும் மரவேலி அடித்துப் பெயர் நாட்டிய ஸ்ரீதரன். எட்டாண்டுக்கு முன் இவ்வீட்டுக் குளியலறைக் குழாயைத் திருத்தித் தந்துவிட்டு, அதன்பின் வந்த கலியாண வீடுகள் அனைத்திலும் அதை உரத்த குரலில் நினைவூட்டும் மாபெரும் மச்சான்! அவன் கைபடாத வேலியொன்றை எழுப்பாவிட்டால் இனி எந்தப் பந்தியிலும் உட்காரேன் என்று றமணன் சூளுரைத்தான்.

செடிகள் விற்கும் பெருங்கடையில் சுயம்வரம் கூடிற்று. அகன்ற இலைக்குடை விரித்து முதலில் நின்றது லோரல். ஆயினும் திருடன் அதைத் திரைச்சீலைபோல் விலக்கிவிடுவான். வானளாவ வளரும் லேலண்டியோ வெயிலையும் விழுங்கும், அயல்வீட்டு உறவையும் விழுங்கும். ஹோலிச் செடி ஆளுயரம் வருவதற்குள் றமணன் பென்ஷன் எடுத்துவிடுவான். அப்போது, தட்டிகளிலே படரவிட்ட ஆளுயரப் பைரகாந்தா, விரல்நீள முட்களைச் சிலிர்த்து அவன் முன் தோன்றியது. கண்டான், காதல் கொண்டான்.

“முள்ளுமரம் வீட்டிலை வைச்சால் சண்டை வருமாம்,” என்றாள் தேவி.

“இப்ப மட்டும் என்ன, சமாதானமே நடக்குது?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவே சம்மதமாயிற்று. “அப்ப கிழக்கைப் பாத்து நிண்டு நடுங்கோ. நாலரைக்கு ராகுகாலம், அதுக்கு முன்னம் முடிக்கவேணும்.”

ஞாயிறு பிறந்தது. நெறி பிறழாத வீரன் கிழக்கு நோக்கி நின்றான். கிழக்கே வீடு இருந்தது. ஆதலால் அவன் முதுகைக் கம்பிவேலி காத்தது. வடக்கு மூலையில் முதற்செடியை ஊன்றினான். முட்கள் அம்பெனப் பாய, முன்கையில் குருதி வரிகள் பூக்க, லண்டன் களிமண் சப்பாத்தைக் கவ்வி இழுக்க, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டிக்குத் தட்டி இடைவெளியின்றித் தெற்கு நோக்கி முன்னேறி, நான்கு இருபத்தெட்டுக்குக் கடைசிச் செடியின் அடிமண்ணை மிதித்து இறுக்கி, மண்வெட்டியை உயர்த்தி முழங்கினான்:

“இனி ஒருத்தராலையும் இந்த வேலியைக் கடக்க ஏலாது!”

அந்த உண்மையை முதலில் உணர்ந்தவனும் அவனே. முன்னே முட்படை, பின்னே நோவு முழங்கால் தாண்டமுடியாத ஈட்டிப்படை, இருபக்கமும் அயலார் மதில், நடுவே ஒன்றரையடி நிலத்தில் றமணன். மறுபுறத்தில் தேவி யார் கண்ணுக்கும் தெரியவில்லை. நடைபாதையில் ஒரு நாய் நின்றது. எசமானும் நின்று அவனைப் பார்த்தார்.

“ஒண்டைப் பிடுங்கிப்போட்டு வாறன்!”

“ஐயோ, நல்ல நேரத்திலை நட்டதைப் பிடுங்கப்படாது! அதுவும் ராகுகாலத்திலை! அங்கையே நில்லுங்கோ.” பிறகு வேலிக்கப்பாலிருந்து, தொலைபேசியில் பேசும் அவள் குரல் வந்தது: “ஓம் அண்ணை... இல்லையில்லை, வேலி திறமாய் வந்திருக்கு. இவர்தான் அங்காலை நிக்கிறார்.”

ஈரேழு உலகும் நடுங்க, றமணனின் மானம் அக்களிமண்ணில் மண்டியிட்டது.

ஐந்தரை மணிக்கு ஸ்ரீதரன் ஏணியோடு வந்தார்.