இருபத்திரண்டு டிக்

வீடு மாறுவதற்கு ஒரு வாரம் முன்னால் நான் ஒரு சபதம் செய்தேன். என் சபதங்களில் பாதி மனைவிக்குப் பயந்து செய்தவை, மீதிப் பாதி அவள் சொல்லிச் செய்தவை. இது ஒன்றுதான் என் சொந்தச் சரக்கு.

"அட்ரஸ் மாத்துற வேலையெல்லாம் என் பொறுப்பு. நீ சுண்டுவிரலக்கூட அசைக்க வேண்டாம்."

என் மனைவி பள்ளிக்கூட ஆபீஸில் ரெக்கார்டு பார்ப்பவள். டம்ளர்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நிஜமாவா?"

"பஸ் ஓட்டுறவன் சொன்னா சொன்னதுதான்."

"பஸ் என்னைக்குங்க சொன்ன நேரத்துக்கு வந்துச்சு?"

நான் அதை மதிக்காமல் பட்டியல் போட்டேன். பேங்க், இன்ஷூரன்ஸ், கரண்ட், கேஸ், லைசென்ஸ், நூலகம், மகளின் காலேஜ் என்று வளர்ந்து, கண் ஆஸ்பத்திரியில் வந்து நின்றது. மொத்தம் இருபத்திரண்டு இடம்.

அந்தக் கடைசி இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதிரே வருவது லாரியா, கொஞ்சம் பருமனான மனிதரா என்று யோசிக்க ஆரம்பித்ததும் டிப்போவில் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து டிக்கெட் கட்டு அடுக்கச் சொன்னார்கள். உட்கார்ந்த இடத்திலேயே வலது கால் தானாகப் பிரேக் மிதிக்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், எனக்குத்தான் அழுகை வரும். ஆபரேஷனுக்கு எட்டு மாத வரிசை. தேதி தபாலில்தான் வரும். தவறவிட்டால் வரிசையின் வாலுக்குப் போய் இன்னொரு எட்டு மாதம் நிற்க வேண்டும்.

முதலில் பேங்குக்குப் போனேன். உள்ளே காலடி வைக்க இடமில்லை. என் டோக்கன் நூற்றுப் பதினாலு, கூப்பிட்டுக்கொண்டிருந்தது ஒன்பது. அப்போதுதான் என் மூளை டாப் கியரில் ஓடியது. பயணிகளை அவரவர் வீட்டு வாசலிலா இறக்குகிறோம்? ஸ்டாப்பில் இறக்குகிறோம். தபாலும் பழைய வீடு என்கிற ஸ்டாப்பிலேயே இறங்கட்டுமே. சனிக்கிழமை தோறும் நான் போய் ஏற்றிக்கொண்டு வந்தால் போயிற்று! இருபத்திரண்டு இடத்தில் எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?

பழைய வீட்டுக்குக் குடிவரப்போகிறவர் ரிட்டயரான நர்ஸ் அம்மா. கேட்டவுடனே சரி என்றார்.

"அதுக்கென்ன தம்பி, பத்திரமா எடுத்து வைக்கிறேன். வந்து வாங்கிக்கங்க."

தங்கமான மனுஷி. வீட்டுக்கு வந்து சிவப்புப் பேனாவால் இருபத்திரண்டு டிக் போட்டு, பட்டியலை மனைவியிடம் நீட்டினேன்.

"எல்லாம் முடிஞ்சுதா?"

"எல்லாம்."

"ஆஸ்பத்திரி?"

"அதான் டிக் போட்டிருக்கேனே!"

"சமத்து" என்றாள். இருபத்துநாலு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை, டிப்போவில் வேலை என்று புளுகிவிட்டுப் பழைய வீட்டுக்குப் போனேன்.

"தபால் ஒண்ணும் வரல தம்பி. வந்ததுதான் வந்தீங்க, இந்தக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

நமக்கு உதவி செய்கிறவர் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வாஷர் மாற்றினேன். அடுத்த வாரமும் தபால் இல்லை, சாத்த வராத ஜன்னல் இருந்தது. அதற்கடுத்த வாரம் அலமாரிக் கதவின் கீல். அப்புறம் பரணுக்குப் பலகை. வாரா வாரம் வெறுங்கையோடு, நகக்கண்ணில் சிராய்த் துண்டோடு திரும்பினேன். ஒரு பில் இல்லை, ஒரு நோட்டீஸ் இல்லை. உலகம் என்னை நிம்மதியாக விட்டுவிட்டது என்று சந்தோஷம் வேறு!

ஆறாவது வாரம் டிப்போவில் ஒரு கண்டக்டர் கவரை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஆஸ்பத்திரியில் எனக்குப் பத்து நாள் கழித்துப் பெயர் கொடுத்தவர்.

"அண்ணே, எனக்குத் தேதி வந்திருச்சு! உங்களுக்கு எப்ப?"

பாதி நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தவர் நோட்டைப் புரட்டினார்.

"உங்க கடிதம் போய் மூணு வாரம் ஆச்சே சார்."

"எனக்கு வரலையே! தேதி என்னிக்குங்க?"

"அது அறுவை சிகிச்சைப் பிரிவுலதான் தெரியும். அவங்க கிளம்பிட்டாங்க. கடிதத்தைத் தேடிப் பாருங்க. தேதி போயிருச்சுன்னா மறுபடி எட்டு மாசம்தான்."

அங்கிருந்து நேராக நர்ஸ் அம்மா வீடு. "சத்தியமா வரல தம்பி" என்றவர், ஏனோ முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வேறு வழியில்லை. மனைவியின் காலில் விழுவது ஒன்றுதான் பாக்கி.

வீட்டில் அவள் ஒரு பையில் துண்டு, சோப்பு, என் லுங்கி எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தாள். போச்சு, விஷயம் தெரிந்து என்னை வீட்டை விட்டே அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"ஒண்ணுதானா?"

"நான் ஒரு இடத்துலயும் அட்ரஸ் மாத்தல. ஆஸ்பத்திரி லெட்டர் தொலைஞ்சு போச்சு. இனிமே எனக்கு பஸ்ஸு இல்ல, ஒண்ணும் இல்ல."

"கைகால் கழுவிட்டுச் சாப்பிட வாங்க. நாளைக்கு எட்டு மணிக்கு அங்க இருக்கணும். வெறுங்கையோடவா போறது?"

நான் வாயைப் பிளந்தேன். அவள் பீரோவிலிருந்து ஒரு கத்தைக் கவர் எடுத்து வைத்தாள். மேலாக இருந்தது ஆஸ்பத்திரிக் கடிதம்.

"எப்படி?"

"அட்ரஸ் மாத்தணும்னா வாடகை ஒப்பந்தத்தோட நகல் கேப்பாங்க. இருபத்திரண்டு இடத்துல மாத்திட்டேன்னீங்க. ஒப்பந்தம் என் பையிலதானே இருக்கு? ஒரு நகல்கூட நீங்க கேக்கலையே! அதான் எல்லா இடத்துலயும் நானே மாத்திட்டேன்."

"என் கையெழுத்து வேணுமே?"

"இங்க போடுங்க, அங்க போடுங்கன்னு ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவுல நீட்டினேன். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அப்ப நர்ஸ் அம்மா?"

"நீங்க தபாலுக்கு வருவீங்கன்னு அன்னைக்கே போன்ல சொல்லிட்டாங்க. பதினெட்டு வருஷமா அந்தக் குழாயச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. அவங்களாவது சுகப்படட்டுமேன்னு விட்டுட்டேன். பரண் பலகை முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

கோபம் வர வேண்டும். வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ இல்லேன்னா நான் அந்த நாற்காலியிலேயே செத்திருப்பேன்" என்றேன். மனசாரச் சொன்னேன். கண் கலங்கியது, அதற்குப் புரை காரணமில்லை. அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாம்பார் ஆறுது என்றாள்.

முதல் கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். ஆஹா! ஜன்னல் கம்பி தனித்தனியாகத் தெரிந்தது. மனைவியின் முகத்தில் எனக்குத் தெரியாமல் எத்தனை சுருக்கம் வந்திருக்கிறது! ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. இன்னொரு கண்ணும் முடிந்துவிட்டால் ஸ்டியரிங் எனக்குத்தான். வார்டே என்னைப் பார்த்துச் சிரித்தது.

டாக்டர் தன் கையிலிருந்த என் ஃபைலையே கொஞ்சம் தள்ளி நீட்டினார். "மேல எழுதியிருக்கிறதைப் படிங்க சார், பார்க்கலாம்."

ஃபைல் அட்டையில் என் மனைவியின் உருண்டைக் கையெழுத்து. முத்து முத்தாகத் தெரிந்தது. அந்தப் பூரிப்பில் நான் பஸ் டிரைவர் குரலில், வார்டு முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்:

"தேதி, மருந்து, மறுபரிசோதனை எதுவானாலும் மனைவியிடம் மட்டும் சொல்லவும். நோயாளி எல்லாவற்றுக்கும் 'சரி, முடிச்சிட்டேன்' என்பார், நம்ப வேண்டாம்."