உடம்புக்குள் ஒரு சூப்பர்வைசர்

சிலுவை என்றாலே சிலுவைராஜுக்குப் பயம். பெரிய வெள்ளியன்று சூரியநெல்லி மலைமேல் போகும் சிலுவைப்பாதையில் இயேசுவாக நடிக்க ஃபாதர் இந்த வருஷம் அவரைத்தான் சொல்லியிருந்தார்.

சிலுவைப்பாதையில் இயேசு மூன்று முறைதான் விழுவார். போன வருஷம் நடித்த மரியஜோசப், பாரம் தாங்காமல் நாலாவதாகவும் விழுந்து ஜீப்பில்தான் மலையிறங்கினார். தேயிலை எஸ்டேட்டே இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது. சிலுவைராஜோ ஒல்லிக்குச்சி.

தவக்காலம் தொடங்கியதும் பக்தியோடு சாப்பாட்டைக் குறைத்தார். பயோடெக்னாலஜி படிக்கும் மகள் நிமி பதறிவிட்டாள்.

"பட்டினி கெடந்தா சதை எப்படிப்பா வளரும்? செல்லுக்குள்ள எம்டார்னு ஒரு சூப்பர்வைசர் இருக்கான். கொழுந்து வந்தாத்தானே ஃபாக்டரில ரோலர் ஓடும்? அதுமாதிரி சாப்பாட்டுல இருந்து அமினோ அமிலம் வந்தாத்தான் அவன் புரதம் செய்யச் சொல்லுவான். வராட்டி மெஷின நிறுத்திட்டு, உள்ள இருக்குற பழைய சாமானப் பிரிச்சு எடுத்துருவான்."

தன் சதை பழைய சாமானாகப் போவதில் சிலுவைராஜுக்கு விருப்பமில்லை. தவக்காலத்தில் கறியும் முட்டையும் ஆகாது என்பதால் பயறு, சோயா, கடலை என்று இறங்கினார். தொப்பைதான் வந்தது.

தின்றால் மட்டும் போதாதாம். பாரம் தூக்கினால்தான் தசைக்குள் இருக்கும் சூப்பர்வைசர் முழுசாக விழிப்பானாம். உர மூட்டையைச் சுமந்து மேடேறினார். பசி கூடியது, கடலையும் கூடியது. தோள் அகன்றது, தொப்பை மட்டும் போகவில்லை. மனைவி கத்தரீனாள் இயேசு வேடத்துக்குத் தைத்து வைத்திருந்த அங்கியைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

"ஏங்க, இனிமே பிரிச்சு விடத் துணியில்ல. உங்க சூப்பர்வைசரக் கொஞ்ச நாள் லீவுல போகச் சொல்லுங்க."

ஒத்திகையன்று கையைத் தூக்கியதும் அங்கி முதுகோடு கிழிந்தது. உபதேசியார் சூசையப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஃபாதரிடம் போய்ப் பேசிவிட்டு ஒரு சாட்டையோடு வந்தார். சிலுவைராஜ் இனி ரோமைப் படைவீரராம். இயேசுவுக்கு வேறு ஆள் பார்க்கிறார்களாம்.

சிலுவைராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி விழ வேண்டாம், ஜீப் வேண்டாம், ஊர் சிரிக்காது. சாட்டையை ஆசையோடு சுழற்றிப் பார்த்தார். ஆனாலும் ஒரு சந்தேகம் உறுத்தியது.

"இம்புட்டுத் தேத்துன என்னையே வேண்டாம்னா, அம்மாம் பெரிய சிலுவைய வேற யாரு சுமப்பா, உபதேசியாரே?"

"இந்த வருசச் சிலுவை உள்ள ஒண்ணுமில்லாத பிளைவுட்டுண்ணே, உங்க நிமியே தூக்கும், ஃபாதர் உங்களக் கேட்டதே, சட்டைக்கு மேலயே எண்ணிறலாம்னு இருந்த அந்த விலா எலும்புக்காகத்தான்."