நாவடக்கப் படலம்

வாழி, வாய் ஓயா வள்ளல்! யார் யாரைக் கேட்டாலும் தாமே முந்தி விடையிறுக்கும் ஏந்தல், ஒற்றைச் செல்வமகளின் தந்தை வாழி! அந்தப் பேராற்றலே அவருக்குப் பகையாயிற்று, பாவம். பேர்பெற்ற பள்ளியொன்றின் சேர்க்கை நேர்காணலில், "இது என்ன கலர், பாப்பா?" என்று ஆசிரியை மகளைக் கேட்க, "சிவப்பு, மேடம்!" என்று முழங்கியவர் இவரே. அடுத்த பள்ளியில் மகளின் பெயரையும் இவரே சொல்லி வீழ்ந்தார். பேர்பெற்ற பள்ளிகளில் இனி எஞ்சியது ஒன்றே.

ஆகவே, சேர்க்கைக் கலையின் கரைகண்ட ஆலோசகரைத் தாயும் தந்தையும் சரணடைந்தனர். சுழல்நாற்காலி என்னும் அரியணையில் அரைச்சுற்றுச் சுற்றி அப்பெருந்தகை அருளினார்: "சார், நீங்க வாயத் தொறந்தா சீட்டு போச்சு. மேடம், அவர் தொறந்தா உடனே கால மிதிங்க. யோசிக்கவே கூடாது!"

அன்றுமுதல் ஆலோசகரின் அறை பயிற்சிக்களம் ஆயிற்று. அவரே தலைமையாசிரியையாக அமர்ந்து வினாக்கணை தொடுக்க, தந்தையின் உதடு பிரியுமுன் தாயின் குதிகால் இடியென இறங்க, மகள் கால்களை ஆட்டியபடி எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தாள்.

வந்தது நேர்காணல். மெய்யான தலைமையாசிரியை, மேசைக்கு அப்பாலிருந்து மகளை நோக்கி, "உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" என்றார். மகளோ மேசையிலிருந்த பென்சிலையே பார்த்தாள். ஐயோ, அந்நேரம் தந்தை பட்ட பாட்டை என்னென்பேன்! நெஞ்சில் கிளம்பிய விடை தொண்டைவழிப் படையெடுத்து, பல்வரிசைக் கோட்டையை முட்டி, உதட்டுக்கதவை இடித்து ஆர்ப்பரிக்க, காது சிவந்து, நெற்றி வியர்த்து, நாற்காலிக் கையைப் பற்றியபடி அடக்கினார் அந்த அடலேறு.

"பென்சில் சீவப் பிடிக்கும்," என்றாள் மகள், தானாகவே.

தலைமையாசிரியை சிரித்தேவிட்டார். வென்றார் தந்தை! பெருமிதத்தில் அவர் கண்ணே கலங்கிவிட்டது.

அதே சிரிப்போடு தலைமையாசிரியை அவர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க, சார்?"

வாய் திறந்தார், இறங்கிற்று குதிகால். மூடினார். தாய் பதறி, பேசச் சொல்லிக் கண் காட்டினாள். மீண்டும் திறந்தார், மீண்டும் இறங்கிற்று. பழகிய கால் யார் பேச்சைக் கேட்கும்?

அப்போது எழுந்தாள் அந்த வீரத்திருமகள், தந்தைக்கு முந்தி விடையிறுக்க: "அப்பா பேசினா அம்மா மிதிப்பாங்க, மிஸ். சுத்துற நாற்காலி அங்கிள்தான் சொல்லிக் குடுத்தாரு!"

மறுவாரம் மகளை வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை.