சுவரேறிய தெருமூடியார்

ஊர் எந்தப் பக்கம் வளர்ந்தாலும், அந்த ஓரத்தில் தெருவிளக்குக்கு முன்பே முளைத்துவிடுகிறவர் தெருமூடியார். தான் குடிவந்த பிறகு வேறு யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்பது அவர் கொள்கை. நம்மவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி.

நடைப்பயிற்சிக்கு நாலு தெருவைக் குறுக்கே கடப்பார், பால் வாங்க அடுத்த குடியிருப்பின் பின்வாசலில் நுழைவார், காரை எடுத்தால் பள்ளிக்கூட வாசலை உரசிக்கொண்டு குறுக்குவழியில் பறப்பார், ஆனால் தன் தெருவில் முகம் தெரியாத சைக்கிள் ஒன்று நுழைந்தால் போதும், "இது என்ன பொது வழியா?" என்று வழிமறிப்பார். பொது வழிதான். அதனாலென்ன? மூன்று வருடம் மனு எழுதித் தெருக்கோடியில் எட்டடிச் சுவர் எழுப்பவைத்தார்.

அப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்று வரைபடத்தைப் பார்த்து வீடு பிடித்த மகள், கைக்குழந்தையோடு குடிவந்தது சுவருக்கு அந்தப் பக்கம். இருபது காலடி தூரம். சாலை வழியாகப் போனால் ஏழு கிலோமீட்டர், நடுவில் ரயில்வே கேட். பேத்தி அழுவது இவர் கட்டிலுக்குக் கேட்கும். அள்ளி எடுக்கக் கை துடிக்கும். போய்ச் சேர்வதற்குள் அது தூங்கிவிடும். மனிதர் உண்மையிலேயே தவித்துப்போனார்.

சுவரை இடிக்கச் சொல்லலாமே என்றாள் மனைவி. தெருமூடியார் இரண்டு ஏணி வாங்கிச் சுவரின் இருபுறமும் சாத்தினார்.

எட்டாம் நாள் ஏணியடியில், சுவரைத் தாண்டிப் போக ஒரு வரிசையே நின்றது. வரிசையில் முதலில் நின்ற தையற்கார அம்மாள் மரியாதையாக விலகினார்: "நீங்க முதல்ல போங்க சார், பாப்பா அழுதுட்டிருக்கு."

அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு: அவர் உச்சிக்கு ஏறியதும் மனைவி ஏணியை உள்ளே வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

நேற்று மாலை அப்படித்தான் ஏறினார். ஏணி உள்ளே போயிற்று. திரும்பி அந்தப் பக்கம் காலை நீட்டினார். அங்கே ஏணி இல்லை. அது அந்தத் தெருச் சங்கச் செயலாளரின் தோளில் இருந்தது. செயலாளர் குடிவந்து மூன்றே மாதம். பால்கனியில் மகளின் இடுப்பிலிருந்த பேத்தி, தாத்தாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

"இது என்ன பொது வழியா?" என்றார் செயலாளர்.

தெருமூடியார் சுவர் உச்சியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். பதிலே இருக்கக் கூடாது என்றுதானே அந்தக் கேள்வியை அவர் இத்தனை காலம் கேட்டுவந்தார்?

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் தெருக்கோடியிலும் ஒரு கேட் இருக்குமே, அதன் சாவி யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.