தம்புசாமி வாசலில் நிற்கிறார்

“இன்னைக்கும் நிக்கிறாரா?” என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் புனிதா.

சிவநேசன் திரைச்சீலையை இரண்டு விரல் விலக்கிப் பார்த்தான். பக்கத்து வீட்டுத் தம்புசாமி தன் வாசல் கேட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கைலி, பனியன், மார்பில் கட்டிய கைகள். பார்வை மட்டும் சிவநேசனின் மஞ்சள் கார்மேல்.

“நிக்கிறாரு.”

“நான்தான் சொன்னேன்ல? மரியாதைக்காரரு, கார் சத்தம் தாங்கலன்னு வாயத் திறந்து சொல்ல மாட்டாரு. உங்களுக்காத் தோணணும்.”

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பார்வைக்குச் சின்னக் கார். மளிகை வாங்கப் போகிற கார் என்றால் யாரும் நம்புவார்கள். உள்ளே இருந்ததோ பந்தயத்துக்குச் செய்த இன்ஜின். காலை ஆறு மணிக்கு அதை உயிர்ப்பித்தால் கிள்ளானில் அந்த வரிசை வீடுகள் மொத்தமும் எழுந்து உட்காரும். பிரிக்ஃபீல்ட்ஸில் அவன் வேலை பார்த்த காப்புறுதி அலுவலகம்வரை வழியெல்லாம் நெரிசல்தான். நெடுஞ்சாலையில் ஏறுகிற வளைவில் மட்டும் ஒரு பத்து விநாடி அதை மிதிக்கலாம். நாற்பத்திரண்டு வயதுவரை எதற்கும் அவசரப்படாத சிவநேசனுக்கு அந்தப் பத்து விநாடிக்காகத்தான் பொழுதே விடிந்தது.

“நான் ஆஸ்பத்திரில கிடந்தப்ப ஒரு மாசம் நமக்குச் சோறு போட்டவங்க அவங்க,” என்றாள் புனிதா. “அந்த மனுஷன் ஒரு வார்த்தை குறை சொல்லட்டும், அன்னைக்கே கார் போகுது. பார்த்துக்குங்க.”

அந்த ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாதே என்று மறுநாளிலிருந்து சிவநேசன் காரைத் தள்ள ஆரம்பித்தான். கதவைத் திறந்து ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, சாலை முனைவரை. முந்நூறு குதிரைச் சக்தியை ஒற்றை மனிதன் தள்ளிக்கொண்டு போனான். அலுவலகச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எதிர் வீட்டு லிம் அங்கிள் வெளியே வந்தார். “சிவா, பேட்டரி கோங் ஆ? செத்துப்போச்சா?”

“கொஞ்சம் வீக், அங்கிள்.” உண்மையைச் சொன்னால் தம்புசாமியின் பேர் அடிபடும்.

மறுநாள் லிம் அங்கிள் ஜம்பர் கேபிளோடு காத்திருந்தார். அதற்கு மறுநாள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ‘பாவம் சிவா, கார்ல ஏமாந்துட்டாரு’ என்று யாரோ போட, கீழே வரிசையாக மெக்கானிக்குகளின் எண்கள் வந்து விழுந்தன. அந்த வாரக் கடைசியில் தம்புசாமியே கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

“நீங்க முன்னால பிடிங்க தம்பி,” என்று பின்பக்கம் கை வைத்துத் தள்ளினார். ஜெஞ்சாரோம் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் லோரி ஓட்டியவர், தள்ளத் தெரிந்திருந்தது. சாலை முனை வந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. மேல்மூச்சு வாங்குகிறதாக்கும் என்று சிவநேசன் நினைத்துக்கொண்டான்.

“எழுபது வயசு மனுஷன கார் தள்ள வச்சிட்டீங்க,” என்றாள் புனிதா. “ரொம்ப நல்லா இருக்கு லா!”

இனிமேல் வீட்டருகே கார் வேண்டாம் என்று சிவநேசன் முடிவு செய்தான். கோயிலுக்கு அந்தப் பக்கம் இருந்த கடைவரிசையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். முதல் நாள் நிம்மதி. இரண்டாம் நாள் நல்ல மழை, நனைந்துகொண்டே போனான். மூன்றாம் நாள் காலை ரொட்டி சானாய் கடையைத் தாண்டியவன் அப்படியே தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

காருக்கு முன்னால் தம்புசாமி நின்றார்.

“அடக் கடவுளே, இங்கயுமா!”

தம்புசாமி காரை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து புகைக்குழாயைப் பார்த்தார். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார். அவர் போகும்வரை சிவநேசன் தூணைவிட்டு நகரவில்லை. அன்று அலுவலகத்துக்குத் தாமதம்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “வித்துடுறேன் புனிதா. அந்த மனுஷன் மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்குறாரு. என்னால பார்க்க முடியல.” அவள் அவன் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள்.

சுங்கை பூலோவில் பழைய கார் வாங்கி விற்கும் கிஷன் காரை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

“ஏன் பாஸ் விக்கிறீங்க? இன்ஜின் அருமையா இருக்கே!”

“அதான் பிரச்சினை,” என்றான் சிவநேசன்.

அங்கேயே ஒரு வெள்ளைக் காரை வாங்கிக்கொண்டு வந்தான். அதன் இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று இறங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வந்த வேகத்தில் தம்புசாமி வீட்டுக்குப் போனான்.

“அங்கிள், மஞ்சள் காரைக் கொடுத்துட்டேன். இனிமே சத்தமே இருக்காது.”

தம்புசாமி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “கொடுத்துட்டீங்களா? எங்க?”

“சுங்கை பூலோல, கிஷன் கடையில.”

“நல்லது தம்பி, நல்லது,” என்றார். குரல் நடுங்கியது. கலக்கிய கோப்பியைக்கூடக் குடிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். மனிதர் எவ்வளவு நாள் தூங்கவில்லையோ என்று சிவநேசனுக்குக் கண் கலங்கியது. செய்தது சரிதான் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த வரிசை வீடுகள் மொத்தமும் எழுந்து உட்கார்ந்தன.

புனிதா அவனை உலுக்கினாள். “ஏங்க, நீங்க வித்துட்டீங்கள்ல?”

இருவரும் வெளியே ஓடினார்கள். பக்கத்து வீட்டு வாசலில் மஞ்சள் கார் மாலையும் சந்தனமும் பூண்டு, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழத்தோடு நின்றது. உள்ளே தம்புசாமி, புதுச் சட்டையில், எதிரே யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் மிதித்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி இராஜம்மா தடுப்புச் சுவருக்கு மேலாகச் சர்க்கரைப் பொங்கல் தட்டை நீட்டினார். “எடுத்துக்குங்க தம்பி, கார் பூஜை.”

சிவநேசன் தட்டை வாங்கிக்கொண்டு காரையே பார்த்தான். புனிதாதான் கேட்டாள். “ஆன்டி, அங்கிளுக்கு இந்தச் சத்தம் ஆகாதே?”

“ஆகாதா? ‘வாயத் திறந்து கேளுங்க, வித்தாலும் விப்பாங்க’ன்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன், ‘ஆசையா வச்சிருக்கிற பையன்கிட்ட எப்படிடி கேக்குறது’ன்னு தினமும் கேட்ல போய் நின்னு பார்த்துட்டு வந்துருவாரு இந்த மனுஷன்!”